புறநகர் ஊரின் பொது நூலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், பல காலமாக வந்தும் பாதிச் சேவைகளைத் தெரிந்துகொள்ளாதவர்கள், நேரமோ புத்தகமோ கொடுத்து உதவ நினைக்கிறவர்கள் என்று மூன்று தரப்பினரும் முகப்பு மேசையில் வழக்கமாகக் கேட்பவை இவை. பதில்கள் நூலக வேலையை அன்றாடம் செய்கிறவர்கள் எழுதியவை.

பெருநகரத்தில் பெரிய நூலகம் இருக்கும்போது புறநகரில் தனியாக ஒன்று எதற்கு?

போய்வர அரை நாள் ஆகும் நூலகம், அன்றாடத் தேவைக்கு இல்லாத நூலகம்தான். புறநகரில் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். பகலில் ஊரில் இருப்பவர்கள் சிறு பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், தேர்வுக்குப் படிக்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையுமாக இரண்டு வண்டி மாறிப் படக்கதைப் புத்தகம் எடுக்க யாரும் போக மாட்டார்கள்.

அதோடு, புறநகரில் இருப்பவர்களில் பலர் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமலே ஆண்டுகள் ஓடிவிடும். எதையும் வாங்காமல், யாரிடமும் காரணம் சொல்லாமல், வேண்டிய நேரம் வரை உட்காரக்கூடிய கூரையுள்ள இடம் என்று தேடினால் பல ஊர்களில் நூலகம் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1949-இல் வெளிவந்தது. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லாவுடன் சேர்ந்து 1994-இலும் 2022-இலும் அது புதுப்பிக்கப்பட்டது. வயது, இனம், பாலினம், மதம், மொழி, சமூக நிலை எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் சமமாகச் சேவை கிடைக்க வேண்டும், கொள்கையளவில் அது கட்டணமில்லாததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஓர் ஊரில் இது நடக்கிறதா என்று பார்க்க எங்களைக் கேட்டால் இரண்டு கேள்விகள் போதும். மக்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா? பட்டியலில் காட்டும் புத்தகம் அடுக்கில் கைக்குக் கிடைக்கிறதா? கட்டடத்தின் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேலை முடிந்து வருவதற்குள் மூடிவிடுகிறார்கள். நேரத்தை மாற்ற வழி உண்டா?

உண்டு. ஆனால் வெறும் கோரிக்கை மனுவைவிடக் கணக்கோடு போனால் நடக்கும். இரண்டு வாரங்களுக்கு, மணிக்கு ஒரு தடவை உள்ளே இருக்கும் தலைகளை எண்ணி ஒரு தாளில் குறிக்க வேண்டும். ஒரு வாரம் பள்ளி நடக்கும் வாரமாகவும் மற்றது விடுமுறை வாரமாகவும் இருந்தால் நல்லது. மூடியிருக்கும் நேரத்தில் வந்து திரும்பிப் போனவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களை அறிய ஒரு வழி, வெளியே இருக்கும் திருப்புப் பெட்டி. காலையில் திறக்கும்போது அதில் கிடக்கும் புத்தகங்களை எண்ணினால், மூடிய பிறகு எத்தனை பேர் வாசல்வரை வந்தார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கூடுதல் ஆள் இல்லாமலே மாற்றம் செய்யலாம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் திறக்க முடியும் என்றால், காலை 10 முதல் மாலை 5 வரை என்று எல்லா நாளும் ஒரே அச்சில் வைப்பதை விட, வார நாள்களில் இரண்டு நாள் பிற்பகலில் தொடங்கி இரவு 8 மணி வரை திறப்பது, சனி ஞாயிறு முழுநாள் வைப்பது, வார நாளில் ஒன்றை விடுமுறையாக்குவது என்று மாற்றிப் பார்க்கலாம். ஒருமுறை வைத்த நேரத்தைக் குறைந்தது ஆறு மாதம் அசைக்கக் கூடாது. பூட்டிய கதவை இரண்டு முறை பார்த்தவர் மூன்றாம் முறை வருவது அரிது.

உறுப்பினராக என்ன வேண்டும்? வாடகை வீட்டில் இருக்கிறேன், முகவரிச் சான்று இல்லை.

பொதுவாக அடையாளச் சான்று ஒன்று, முகவரிச் சான்று ஒன்று. சில நூலகங்கள் திருப்பித் தரக்கூடிய முன்பணம் வாங்குகின்றன. அதற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள், உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். முகவரிச் சான்று இல்லாதவர்களுக்குப் பல நூலகங்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கின்றன. நீங்கள் சொல்லும் முகவரிக்கு நூலகமே ஒரு தபால் அனுப்பும், அந்த உறையைக் கொண்டுவந்து காட்டினால் போதும். பிள்ளைகளின் அட்டைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். தொலைந்த புத்தகத்துக்குப் பொறுப்பும் அவர்களுடையதே.

உட்கார்ந்து படிக்கவும், நாளிதழ் பார்க்கவும், குறிப்புதவி நூல்களைப் புரட்டவும் பொதுவாக எந்த அட்டையும் வேண்டாம். இது தெரியாமல் வாசலிலேயே நிற்பவர்கள் பலர்.

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது?

அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையைத்தான் பெரும்பாலான பொது நூலகங்கள் பின்பற்றுகின்றன. எல்லாப் பொருளும் 000 முதல் 999 வரை பத்துப் பெரும் பிரிவுகளில் அடங்கும். 500 அறிவியல், 510 கணிதம், 610 மருத்துவம், 635 தோட்டக்கலை, 641.5 சமையல், 796 விளையாட்டு. தமிழ் இலக்கியம் 894.811.

தடுமாற்றம் புள்ளிக்குப் பிறகுதான் வருகிறது. 641.35, 641.5 இரண்டில் எது முதலில்? முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியது என்று நினைத்து 641.5-ஐ முன்னால் தேடுகிறார்கள். புள்ளிக்குப் பிறகு இலக்கம் இலக்கமாகப் பார்க்க வேண்டும். மூன்று ஐந்தைவிடச் சிறியது, ஆகவே 641.35 முன்னால் வரும். இரண்டு புத்தகங்களுக்கு ஒரே எண் இருந்தால் அடியில் உள்ள ஆசிரியர் பெயரெழுத்துகளின் வரிசையில் பாருங்கள்.

பட்டியலில் 'உள்ளது' என்று காட்டுகிறது, அடுக்கில் இல்லை. ஏன்?

நூலகத்தில் மிக அதிகம் வரும் புகார் இதுதான். தேட வேண்டிய இடங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், திரும்பி வந்து இன்னும் அடுக்கப்படாத புத்தகங்கள் இருக்கும் தள்ளுவண்டி. பரபரப்பான நாளில் பட்டியல் 'வந்துவிட்டது' என்று சொல்லும், புத்தகம் மாலை வரை வண்டியிலேயே இருக்கும். அடுத்து வாசிப்பு மேசைகள், புதுவரவுக் காட்சித் தட்டு. பிறகு அதே அலமாரியின் மேல்தட்டும் கீழ்த்தட்டும். புத்தகத்தை எடுத்துப் பார்த்தவர் கைக்கு எட்டிய தட்டில் வைத்துவிடுவது இயல்பு. அங்கும் இல்லையென்றால் இலக்கம் இடம் மாறிய எண்ணில் பாருங்கள். 365-இல் இருக்க வேண்டியது 356-இல் கிடைக்கும். உயரமான புத்தகங்களுக்குத் தனித் தட்டு உண்டா என்று கேளுங்கள். தட்டு ஆழமாக இருந்தால் வரிசைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள், சிறிய புத்தகங்கள் அங்கே விழுந்து கிடக்கும்.

எதிலும் கிடைக்காவிட்டால் பேசாமல் திரும்பிப் போகாதீர்கள். முகப்பு மேசையில் 'தேடல் குறிப்பு' எழுதச் சொல்லுங்கள். இடைவெளி விட்டு மூன்று முறை தேடியும் அகப்படாத புத்தகத்தைப் பட்டியலில் 'காணவில்லை' என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்து வருகிறவரும் இதே அலைச்சலைப் படுவார். 'வாசகரின் நேரத்தைக் காப்பாற்று' என்பது இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. பட்டியலுக்கும் தட்டுக்கும் இடையே பொய் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த விதியின் அன்றாட வடிவம்.

நான் தேடும் புத்தகமே நூலகத்தில் இல்லை. என்ன செய்யலாம்?

பரிந்துரைப் படிவம் எழுதுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் இவற்றோடு ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணையும் சேர்த்தால் தவறான பதிப்பு வந்து சேராது. 2007 முதல் இது 13 இலக்க எண். அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு உதைக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். அவற்றின் வித்தியாசம் ஐந்தாக இருந்தால் மட்டும் தப்பிவிடும்.

ஒருவருக்கு மட்டும், ஒரே தடவை தேவைப்படும் நூல் என்றால் வாங்குவதைவிட வேறு நூலகத்திலிருந்து வரவழைப்பது சரி. நூலகங்களுக்கிடையே இரவல் என்று கேளுங்கள். நாள் பிடிக்கும் என்பதால் தேர்வுக்கு முந்தின வாரம் கேட்டுப் பயனில்லை.

தாமதக் கட்டணம் ஏறிவிட்டது, வரவே தயக்கமாக இருக்கிறது.

வாருங்கள். புத்தகம் திரும்பி வருவதுதான் நூலகத்துக்கு முக்கியம். கட்டணத்துக்கு அஞ்சி வராமல் போகிறவரால் புத்தகமும் போகிறது, வாசகரும் போகிறார். இதனால்தான் பல நூலகங்கள் தாமதக் கட்டணத்தையே கைவிட்டுவிட்டன. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் அதை நீக்கியது. கட்டணம் இன்னும் உள்ள இடங்களிலும் உச்சவரம்பு, தள்ளுபடி, தவணை என ஏதாவது ஒரு வழி பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகளின் புத்தகங்களுக்குக் கட்டணம் வாங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பெரியவர்களின் மறதிக்குப் பிள்ளைகள் வாசிப்பை இழக்கக் கூடாது.

தவணை நாளுக்கு முன்பே தொலைபேசியிலோ இணையத்திலோ நீட்டித்துக்கொள்ளலாம். வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் மட்டும் நீட்டிப்பு கிடைக்காது.

இரவல் புத்தகம் நனைந்துவிட்டது. வெயிலில் காய வைக்கலாமா?

கூடாது. வெயிலிலும் தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டிலும் தாள் சுருண்டு, அட்டை வளைந்து, முதுகுப் பசை உடையும். ஈரமான புத்தகத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், அதனால் அன்றைக்கே செய்ய வேண்டியவை இவை.

லேசான ஈரம் என்றால் புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தி, தாள்கள் விசிறிபோல் விரியும்படி வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்று படவிடுங்கள். காற்று நேராகத் தாள்களில் அடிக்காமல் பக்கவாட்டில் போகட்டும். நல்ல ஈரம் என்றால் ஏறக்குறைய 20 பக்கத்துக்கு ஒன்றாக, அச்சிடாத உறிஞ்சு தாளை உள்ளே வையுங்கள். நிறைய செருகினால் முதுகு பிளக்கும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். தாள் நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் மூடி, மேலே எடை வைத்தால் அட்டை நேராகும்.

பளபளப்பான தாளில் அச்சிட்ட படப் புத்தகங்கள் தனி ரகம். அவை காயும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. நேரம் இல்லையென்றால் ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்திருக்கும்வரை பூஞ்சையும் வளராது, பக்கமும் ஒட்டாது. அடுத்த நாள் நூலகத்தில் சொல்லுங்கள். சாக்கடை நீரில் விழுந்த புத்தகத்தை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம்.

கிழிந்த பக்கத்தை நானே ஒட்டிக் கொடுத்தால் நல்லதுதானே?

நல்ல மனதோடு செய்வது, ஆனால் கெடுதலாக முடிகிறது. வீட்டில் இருக்கும் ஒட்டும் நாடா சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பசை தாளுக்குள் ஊறி, எழுத்தையே கறையாக்கும். நாடா உதிர்ந்த பிறகும் கறை போகாது. கிழிந்த துண்டைப் பக்கத்துக்குள்ளேயே வைத்து, ஒரு சீட்டில் பக்க எண்ணை எழுதிக் கொண்டுவந்து கொடுங்கள். மெல்லிய பழுதுநீக்கத் தாளால் நூலகத்தில் ஒட்டுவார்கள்.

தன்னார்வலர்கள் கற்றுக்கொள்ளக்கூடிய முதல் பழுது, தளர்ந்த அட்டையை இறுக்குவது. அட்டை ஆடுகிறது, ஆனால் கிழியவில்லை என்றால் இது பலிக்கும். நீளமான பின்னல் ஊசியில் வெள்ளை நிற பிவிஏ பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். புத்தகத்தை நிறுத்திவைத்து, முதுகுக்கும் அட்டைக்கும் இடையே உள்ள கீலின் இடுக்கில் மேலிருந்து ஊசியை நுழைத்து, உருட்டி எடுங்கள். கீழிருந்தும் அவ்வாறே. பிறகு மூடி, அட்டையின் உட்புறம் இரண்டு பக்கமும் மெழுகுத் தாள் வைத்து, வெளிப்புறக் கீல் பள்ளத்தில் ஊசிகளைப் படுக்கவைத்து, எடை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பசை கூடினால் வழிந்து முதல் பக்கத்தை அட்டையோடு ஒட்டிவிடும். இந்த வேலையில் நேரும் தவறு அனேகமாக அது ஒன்றுதான்.

கீல் தளராமல் இருக்க ஒரு வழக்கம் போதும். தட்டிலிருந்து எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்காதீர்கள். இரு பக்கத்துப் புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, வேண்டியதை நடுவில் பிடித்து எடுங்கள்.

வீட்டில் நிறையப் பழைய புத்தகங்கள் இருக்கின்றன. கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், அதற்குக் காரணம் உண்டு. இலவசமாக வரும் புத்தகத்துக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, பகுப்பு எண் கொடுத்து, பட்டியலில் ஏற்றி, பார்கோடும் முதுகுச் சீட்டும் ஒட்டி, தட்டில் இடம் ஒதுக்க வேண்டும். 90 செ.மீ. நீளத் தட்டில் சராசரியாக 30 புத்தகம்தான் நிற்கும். அதிலும் கால்வாசி இடம் காலியாக இருந்தால்தான் திரும்பி வரும் புத்தகங்களை நெருக்காமல் செருக முடியும்.

கொண்டுவருமுன் ஒவ்வொன்றையும் விரித்து முகர்ந்து பாருங்கள். புழுக்க வாடை அடித்தாலோ, பக்கங்களில் பொடிபோன்ற புள்ளிகள் இருந்தாலோ பூஞ்சை. அது அடுக்கு முழுக்கப் பரவும். தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்ற தடம் இருந்தால் இராமபாணப் பூச்சி. அப்படிப்பட்டதை மூடிய பையில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் படியும்.

பாடத்திட்டம் மாறிய பாடநூல்கள், பழைய மருத்துவ நூல்கள், வரிசையில் இடையிடையே விடுபட்ட கலைக்களஞ்சியத் தொகுதிகள் வேண்டாம். பிள்ளைகளின் படக்கதைகளும் அண்மையில் வந்த நாவல்களும் எப்போதும் தேவை. ஊரைப் பற்றிய எதுவும், ஒரு துண்டறிக்கையானாலும், வரவேற்கத் தக்கது. முதலில் பட்டியல் எழுதிக் காட்டுங்கள், பிறகு மூட்டையைத் தூக்குங்கள்.

நல்ல புத்தகங்களையே நூலகம் கழித்துவிடுகிறதே, இது சரியா?

வாசகர்களை மிகவும் வருத்தும் விஷயம் இது, அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் கழிக்காத நூலகத்தில் புதிய புத்தகம் கண்ணில் படாது. ரங்கநாதனின் ஐந்தாவது விதி நூலகத்தை வளரும் உயிர் என்கிறது. கழிவு வெளியேறாமல் எந்த உயிரும் வளர்வதில்லை.

நூலகர் பார்ப்பவை: தகவல் தவறாகிவிட்டதா, படிக்க முடியாத அளவு சிதைந்துவிட்டதா, திருத்திய பதிப்பு வந்துவிட்டதா, கடைசியாக எப்போது இரவல் போனது, வேறு நூலகத்தில் எளிதாகக் கிடைக்குமா. துறைக்குத் துறை அளவு மாறும். கணினி நூல்களை 3 ஆண்டிலும் மருத்துவ நூல்களை 5 ஆண்டிலும் மறுபரிசீலனை செய்வது பரவலான வழக்கம். காலாவதியான மருந்து அளவைச் சொல்லும் புத்தகம் தட்டில் இருப்பது ஆபத்து. கவிதைக்கும் நாவலுக்கும் வயது கணக்கில்லை, அங்கே இரவல் தேதியையும் நிலைமையையும் மட்டும் பார்க்க வேண்டும். உள்ளூர் வரலாற்றைக் கழிக்கவே கூடாது, ஒருவரும் எடுக்காவிட்டாலும்.

இரவல் கணக்கை மட்டும் நம்பினால் ஒரு தவறு நேரும். நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கப்படும் புத்தகங்கள் கணக்கில் வராது. மேசைகளில் விட்டுச்சென்றவற்றை அடுக்குமுன் பார்கோடு வருடிப் பதிவுசெய்தால் அது சரியாகும். இதனால்தான் 'படித்ததை மேசையிலேயே விட்டுச்செல்லுங்கள்' என்று எழுதிவைக்கிறார்கள்.

குழந்தைகளுக்கான கதை நேரத்தை எப்படி நடத்துவது?

3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு 20 நிமிடம், மிஞ்சினால் 30. இரண்டு சிறிய புத்தகம், நடுவில் எழுந்து ஆடும் பாட்டு ஒன்று. இவ்வளவு போதும். கதை சொல்பவர் முந்தின நாளே புத்தகத்தை வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்து படித்தால் பிள்ளைகளுக்குத் தெரிவது உங்கள் உச்சந்தலைதான். முகத்துக்குப் பக்கத்தில், படம் அவர்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கீழ் ஓரத்திலிருந்து பக்கத்தைத் திருப்புங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், பின்னொளியில் படம் கறுத்துவிடும்.

நடுநடுவே சொற்பொருள் விளக்கினால் கதை அறுந்துபோகும். 'அடுத்து என்ன ஆகும்?' என்று ஒரே ஓர் இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். போன வாரக் கதையையே திரும்பக் கேட்டால் மறுக்காமல் படியுங்கள், தெரிந்த கதையில்தான் பிள்ளைகள் வரிகளைக் கூடவே சொல்லத் தொடங்குகிறார்கள். வார நாள் முற்பகலில் ஒன்று, வேலைக்குப் போகும் பெற்றோருக்காக ஞாயிறு ஒன்று என வைத்தால் புறநகருக்குப் பொருந்தும். பெற்றோர் உடன் உட்காரட்டும். ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள் பேசிப் பழகுவது இந்த அரை மணிக்குப் பிறகான கால் மணியில்தான், எனவே முடிந்தவுடன் அறையைக் காலிசெய்யச் சொல்லாதீர்கள்.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லா இருக்கையையும் பிடித்துக்கொள்கிறார்கள். சத்தமும் அதிகம். இரண்டுக்கும் தீர்வு என்ன?

அவர்களுக்கும் வேறு இடமில்லை என்பதை மனதில் வைத்துப் பேச வேண்டும். நெருக்கமான வீட்டில் படிக்க முடியாதவருக்கு நூலக மேசைதான் படிப்பறை. கட்டுப்பாடு தேவைப்படுவது காலி இருக்கையில் பையை வைத்துவிட்டுப் போவதற்குத்தான். 30 நிமிடத்துக்கு மேல் ஆள் இல்லாவிட்டால் பொருளை முகப்பு மேசைக்கு எடுத்துவைப்போம் என்று எழுதி ஒட்டி, எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் சண்டை வராது. முதியோருக்கு நாளிதழ் பகுதியில் நான்கைந்து இருக்கைகளைத் தனியே ஒதுக்குங்கள்.

சத்தத்தை அதட்டி அடக்குவதைவிட இடத்தைப் பிரித்து அடக்கலாம். பிள்ளைகள் பகுதி, நாளிதழ், முகப்பு மேசை மூன்றும் வாசலுக்கு அருகே. அலமாரிகள் நடுவே, ஏனெனில் புத்தகம் நிறைந்த அலமாரி ஒலியைத் தடுக்கும். அமைதி வாசிப்பறை கடைக்கோடியில், முடிந்தால் கதவோடு. மின்செருகிகள் அந்தக் கோடியில் இருந்தால் மடிக்கணினிக்காரர்கள் தாமாகவே அங்கே போய்விடுவார்கள். வாசிப்பு மேசையில் 300 முதல் 500 லக்ஸ் ஒளி வேண்டும்.

நூலகக் கணினியில் விண்ணப்பம் நிரப்ப வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) வரும் கைபேசியை முழு மின்னேற்றத்தோடு கொண்டுவாருங்கள். விண்ணப்பங்கள் பாதியில் நின்றுபோவதற்கு முதல் காரணம், ஒருமுறைக் கடவுச்சொல் வரும் எண் வீட்டில் இருப்பவருடைய கைபேசியில் இருப்பது. இரண்டாவது காரணம், படமோ சான்றிதழோ படிவம் கேட்கும் அளவைவிடப் பெரிய கோப்பாக இருப்பது. 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) அளவில் மறுபடி வருடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மின்னஞ்சல் முகவரியின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று கிளம்புமுன் சரிபாருங்கள். கடைசி நாள் மாலையில் வராதீர்கள்.

முடித்ததும் மூன்று வேலை: மின்னஞ்சலிலிருந்து வெளியேறுங்கள், பதிவிறக்கக் கோப்புறையில் இருக்கும் சான்றிதழ்களை அழியுங்கள், உலாவியை மூடுங்கள். ஊழியர் வழிகாட்டுவார், ஆனால் உங்கள் கடவுச்சொல்லைத் தட்டெழுத மாட்டார், எழுதவும் கூடாது. நீங்கள் என்ன படித்தீர்கள் என்பதும் உங்களுக்கு மட்டும் உரியது. புத்தகம் திரும்பியதும் இரவல் வரலாற்றை அழிக்கும் வசதி நூலக மென்பொருள்களில் உண்டு. 1999-இல் நியூசிலாந்தில் ஒரு நூலக அமைப்புக்காக உருவாகி இன்று உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் கோஹா மென்பொருளிலும் அது இருக்கிறது. உங்கள் நூலகத்தில் அதை இயக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

மின்னூலுக்கும் வரிசையில் காத்திருக்கச் சொல்கிறார்களே?

நூலகம் வாங்குவது உரிமம் மட்டும். பெரும்பாலான உரிமங்களில் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். சில உரிமங்கள் இரண்டு ஆண்டிலோ குறிப்பிட்ட எண்ணிக்கை இரவலிலோ காலாவதியாகும், பிறகு மறுபடி பணம் கட்ட வேண்டும். படித்து முடித்ததும் தவணை வரை காத்திராமல் திருப்பிவிட்டால் அடுத்தவருக்கு உடனே போகும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் நடக்க முடியாதவர்களும் எப்படிப் பயன்படுத்துவது?

சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12 என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, அதாவது 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். அலமாரிகளுக்கு இடையே குறைந்தது 90 செ.மீ., சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வேண்டும். தள்ளுவண்டியையோ ஏணியையோ நடைவழியில் நிறுத்தினால் இந்த அளவெல்லாம் வீண். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக நூல்களைப் பிரெயில், ஒலி, பேரெழுத்து வடிவங்களில் உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்த மராக்கேஷ் ஒப்பந்தம் வழி செய்கிறது. தேவையைச் சொன்னால்தான் நூலகம் வரவழைக்க முடியும். வீட்டை விட்டு வர முடியாதவருக்காக வேறொருவர் எடுத்துச்செல்ல ஓர் அனுமதிக் கடிதம் போதும்.

ஊரின் பழைய படங்கள் சில எங்களிடம் இருக்கின்றன. கொடுத்துவிட வேண்டுமா?

கொடுக்க வேண்டியதில்லை, நகலெடுக்கத் தந்தால் போதும். புறநகர் ஊர்கள் வேகமாக மாறுகின்றன. ஏரி எங்கே இருந்தது, நிலையம் எப்போது திறந்தது என்பதற்கு இருபது ஆண்டில் சாட்சி இல்லாமல் போகிறது. சிறிய படங்களை 600 டிபிஐ, ஆவணங்களை 300 டிபிஐ அளவில் வருடி, சுருக்கப்படாத டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில். படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதை மென்மையான பென்சிலால் பின்புறம் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். பெயர் தெரியாத நல்ல படத்தைவிடப் பெயர் தெரிந்த மங்கலான படம் ஊருக்கு அதிகம் உதவும். பொதுவில் காட்டலாமா என்பதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வது அவசியம்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் தர முடியும். எதில் உதவலாம்?

அடுக்கு சரிபார்ப்பில். ஓர் அலமாரியை எடுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொரு முதுகுச் சீட்டையும் விரலால் தொட்டுப் படித்து, வரிசை தவறியதை மாற்றுவது. அரை மணிக்கு மேல் கண் சோர்ந்து எண்களை விழுங்கத் தொடங்கும், நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் பகுதியை வாரம் ஒருமுறை, சமையலையும் மருத்துவத்தையும் மாதம் ஒருமுறை, அதிகம் தொடப்படாதவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். யார் கண்ணுக்கும் தெரியாத வேலை, ஆனால் நூலகத்துக்கு இதைவிட நேரடியாகப் பயன்படும் உதவி இல்லை.

நிதி கேட்கப் போகும்போது எந்தக் கணக்கைக் காட்டுவது?

மொத்தப் புத்தகங்களின் எண்ணிக்கையைக் காட்டாதீர்கள், அது கிடங்கின் அளவு. ஆண்டு இரவலை இருப்பால் வகுத்த சுழற்சியைக் காட்டுங்கள். 8,000 புத்தகத்தில் 12,000 இரவல் என்றால் சுழற்சி 1.5. அதோடு மணிவாரி வருகை, இருக்கை இல்லாமல் திரும்பியவர்கள், கேட்டும் கொடுக்க முடியாத நூல்கள், கதை நேரத்துக்கு வந்த குடும்பங்கள் ஆகியவற்றையும் வையுங்கள். கொடுக்க முடியாதவற்றின் பட்டியல்தான் அதிகம் பேசும். அதை எழுத முகப்பு மேசையில் ஒரு நோட்டு எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

தவறான இடத்தில் ஒரு புத்தகத்தைப் பார்த்தால் நானே சரியான இடத்தில் வைத்துவிடலாமா?

வேண்டாம், எடுத்து முகப்பு மேசையில் கொடுங்கள். அது 'காணவில்லை' என்று குறிக்கப்பட்டிருக்கலாம், யாரோ ஒருவர் அதற்காக முன்பதிவு செய்து காத்திருக்கலாம். பார்கோடை ஒருமுறை வருடினால் இரண்டும் தெரிந்துவிடும்.